வால்மீன் சொன்ன இடத்தில் இல்லை, சொன்ன ஒளியிலும் இல்லை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

காலமுறை வால்மீன் ஒன்றைத் தொடர்ந்து அளப்பவருக்கு இரண்டு விதமான தலைவலிகள் வரும். கணக்கு சொன்ன இடத்தில் அது இருக்காது. அல்லது கணக்கு சொன்ன ஒளியில் இருக்காது. இரண்டையும் ஒரே மனநிலையோடு அணுகக் கூடாது. இடம் தவறினால் முதலில் உங்களைச் சந்தேகியுங்கள், பிறகு மென்பொருளை, கடைசியாகத்தான் வால்மீனை. ஒளி தவறினால், தொலைவுகளால் வரும் மாற்றத்தை முதலில் கழித்துவிட்டு, அடுத்து அளந்த முறையைச் சந்தேகியுங்கள். அதற்குப் பிறகும் எஞ்சுவது மட்டுமே வால்மீனின் சொந்தக் குறும்பு. இந்த வரிசையை மாற்றுகிறவர்கள்தான் மேகம் கடந்து போனதைப் பார்த்து ‘வெடிப்பு’ என்று அறிவிக்கிறார்கள்.

எடுத்துக்காட்டுகளுக்குப் பெரும்பாலும் 12பி/பான்ஸ்-புரூக்ஸை எடுத்துக்கொள்கிறேன். 1812இல் மார்செய்யில் பான்ஸ் கண்டது, 1883இல் புரூக்ஸ் மீண்டும் கண்டது, 2024 ஏப்ரல் 21இல் கடைசியாகச் சூரிய அண்மை நிலையைக் கடந்தது. இடத்திலும் ஒளியிலும் வரக்கூடிய சிக்கல்களில் பெரும்பாலானவற்றை இந்த ஒரு வால்மீனே காட்டிவிடும்.

அறிகுறி: பல பாகைகள் தள்ளி இருக்கிறது, அல்லது வேறு விண்மீன் குழுவிலேயே இருக்கிறது

சுற்றுப்பாதைக் கூறுகள், அதாவது பாதையின் வடிவத்தையும் கிடப்பையும் சொல்லும் எண்கள், பழையவை. வேறு காரணம் தேடுவதற்கு முன் கூறுகளோடு தரப்பட்டிருக்கும் நாளைப் பாருங்கள். அந்தக் கூறுகள் அந்த ஒரு நாளைக்குப் பொருந்தும் நீள்வட்டத்தை மட்டுமே தருகின்றன. வியாழனும் சனியும் இழுத்துக்கொண்டே இருப்பதால் உண்மையான பாதை அந்த நீள்வட்டத்தை விட்டு விலகிக்கொண்டே போகும். சாதாரணக் கோளரங்க மென்பொருள்கள் பல இந்த இழுப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. கொடுத்த நீள்வட்டத்திலேயே வால்மீனை ஓட்டிக்கொண்டிருக்கும்.

12பியின் சுற்றுக்காலம் சுமார் 71 ஆண்டுகள் என்று நூல்களில் இருக்கும். அது சூரிய அண்மை நிலையைக் கடந்த நாள்களைக் கழித்துப் பாருங்கள்: 1812 செப்டம்பர் 15, 1884 ஜனவரி 26, 1954 மே 22, 2024 ஏப்ரல் 21. முதல் இடைவெளி 71 ஆண்டு 4 மாதம், அடுத்தது 70 ஆண்டு 4 மாதம், கடைசியானது 69 ஆண்டு 11 மாதம். சுற்றுக்கு ஓராண்டு வரை வேறுபடும்போது, 1954ஆம் ஆண்டின் கூறுகளை வைத்து 2024இல் தேடினால் வால்மீன் கிடைக்குமா? குறுகிய சுற்றுக்காலம் உடையவற்றிலும் இதே ஆபத்து உண்டு. 67பி/சுர்யுமோவ்-கெராசிமென்கோ 1959இல் வியாழனுக்கு அருகே போனபோது அதன் சூரிய அண்மைத் தொலைவு ஏறக்குறைய 2.7 வானியல் அலகிலிருந்து 1.3க்குச் சுருங்கிவிட்டது (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தொலைவு ஒரு வானியல் அலகு).

தீர்வு எளியது. வால்மீன், சிறுகோள் அளவீடுகளைத் திரட்டும் மைனர் பிளானட் சென்டரிலிருந்தோ நாசாவின் ஜேபிஎல் ஹொரைசன்ஸ் இணையச் சேவையிலிருந்தோ புதிய கூறுகளை இறக்குங்கள். ஹொரைசன்ஸில் ஒரு பொறி இருக்கிறது: ஒரே வால்மீனுக்கு வருகைக்கு ஒன்றாகப் பல பதிவுகள் வைத்திருப்பார்கள். பட்டியலின் முதல் வரியைச் சொடுக்கினால் பழைய வருகை வந்து நிற்கும். உங்கள் நாளுக்கு மிக அருகிலுள்ள பதிவைத் தேர்ந்தெடுங்கள்.

பெயரை வைத்துத் தேடாதீர்கள், எண்ணை வைத்துத் தேடுங்கள். ஸ்வாஸ்மான்-வாக்மான் என்று தட்டினால் 29பி, 31பி, 73பி மூன்றும் வரும். பான்ஸ் என்றால் 7பி/பான்ஸ்-வின்னெக்கேயும் வந்து நிற்கும். 73பி உடைந்துபோன வால்மீன். அதில் எந்தத் துண்டு என்பதையும் எழுத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: ஒவ்வோர் இரவும் கால் பாகை, அரைப் பாகை விலகுகிறது

அனுபவமுள்ளவர்களையும் அலைக்கழிப்பது இந்த அறிகுறிதான், ஏனென்றால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு பிழைகள் ஏறக்குறைய ஒரே அளவு விலகலைத் தருகின்றன.

ஒன்று ஆயத்தொலைவுகளின் ஆண்டு. இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகள் பெரும்பாலும் ஜே2000, அதாவது 2000ஆம் ஆண்டின் தொடக்கத்துக்கானவை. தானியங்கித் தொலைநோக்கித் தாங்கிகள் பல இன்றைய ஆண்டுக்கான எண்களை எதிர்பார்க்கும். பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால் (அயனச் சலனம்) ஆண்டுக்கு ஏறக்குறைய 50 வில்விநாடி நகர்வு சேர்கிறது (ஒரு பாகைக்கு 60 வில்நிமிடம், ஒரு வில்நிமிடத்துக்கு 60 வில்விநாடி). 2026இல் அது 22 வில்நிமிடத்தைத் தொட்டுவிட்டது. முழுநிலவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அது. நீண்ட குவியத் தொலைவில் படம் எடுப்பவருக்கு வால்மீன் சட்டத்துக்கு வெளியே போய்விடும்.

மற்றொன்று நேரம். அட்டவணை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும்; உங்கள் கைக்கடிகாரம் இந்திய நேரத்தில் இருக்கும். 17ஆம் தேதி அதிகாலை 2 மணி என்பது யூடிசியில் 16ஆம் தேதி இரவு 8.30. இதை மறந்து 17ஆம் தேதி 2 மணிக்கான வரியைப் படித்தால், ஐந்தரை மணி நேரம் கழித்து வால்மீன் இருக்கப்போகும் இடத்தைப் பார்க்கிறீர்கள். நாளொன்றுக்கு 1 பாகை நகரும் வால்மீனுக்கு இது ஏறக்குறைய 14 வில்நிமிடம்.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? ஒரு மெஸ்ஸியே பொருளின் (இடம் நன்றாகத் தெரிந்த விண்மீன் கொத்து அல்லது விண்முகிலின்) ஜே2000 எண்களைக் கையால் உள்ளிட்டுத் தொலைநோக்கியைத் திருப்புங்கள். அதுவும் அதே அளவு விலகினால் ஆண்டுப் பிழை. அது நடுவில் வந்து நின்றால், வால்மீனின் விலகல் எந்தத் திசையில் என்று பாருங்கள்: நேரப் பிழை வால்மீனின் நகர்வுப் பாதையிலேயே விழும், இந்திய நேரத்தை யூடிசியாகப் படித்திருந்தால் வால்மீன் கணக்கிட்ட இடத்துக்குப் பின்தங்கி நிற்கும். விலகல் பாதைக்குக் குறுக்கே இருந்தால் கடிகாரத்தைத் திட்டாதீர்கள்.

அறிகுறி: படத்தில் அளந்த இடம் சில வில்விநாடிகள் மட்டும் தவறுகிறது

மூன்று பரிசோதனைகள், இதே வரிசையில்.

படத்தின் நேரம். திறப்பு, அதாவது கேமரா ஒளியை வாங்குவது, தொடங்கிய நேரத்தைக் கேமரா எழுதியிருக்கும். அனுப்ப வேண்டியது திறப்பின் நடுநேரம். பல படங்களை அடுக்கியிருந்தால் மொத்த அடுக்கின் நடுநேரம். இதோடு இன்னொன்று: சுற்றுப்பாதைக் கணக்குகள் நடக்கும் புவிசார் சீர்நேரத்துக்கும் யூடிசிக்கும் இப்போது ஏறக்குறைய 69 விநாடி வேறுபாடு உண்டு. மென்பொருளே இதைத் திருத்தும். நீங்களே நிரல் எழுதுகிறீர்கள் என்றால் நீங்கள்தான் திருத்த வேண்டும். 46பி/விர்டானென் 2018 டிசம்பரில் நாளுக்குச் சுமார் 4 பாகை ஓடிக்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் 69 விநாடி என்பது 11 வில்விநாடிக்கும் மேல்.

பார்வையிடம். அட்டவணை பூமியின் மையத்துக்கா, உங்கள் மாடிக்கா? வால்மீன் தொலைவில் இருந்தால் இது பெரிதல்ல. அதிகபட்ச இடமாறு தோற்றம் 8.8 வில்விநாடியைத் தொலைவால் வகுத்தால் கிடைக்கும். 46பி 2018 டிசம்பர் 16 வாக்கில் 0.0775 வானியல் அலகுக்கு வந்தபோது அது 113 வில்விநாடி. 12பியைப் பொறுத்தவரை, 2024 ஜூன் 2இல் மிக அருகில் வந்தபோதும் தொலைவு 1.55 வானியல் அலகு; விளைவு 6 வில்விநாடிக்கும் குறைவு.

மையம். நேரமும் இடமும் சரி, ஆனாலும் எஞ்சிய விலகல்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன என்றால், அந்தப் பக்கம் சூரியனுக்கு எதிர்ப்புறமா என்று பாருங்கள். ஆம் என்றால் நீங்கள் அளப்பது வால்மீனின் திடமான நடுப்பகுதியான உட்கருவை அல்ல, வால் பக்கம் நீண்டு கிடக்கும் தூசியின் ஒளிமையத்தை. அஸ்ட்ரோமெட்ரிகா போன்ற அளவீட்டு மென்பொருளில் அளவு வட்டத்தை (எந்தப் பரப்புக்குள் ஒளியைக் கூட்டுவது என்று குறிக்கும் வட்டத்தை) சுருக்குங்கள், திறப்பு நேரத்தைக் குறையுங்கள், ஒளிமிகுந்த புள்ளியை மட்டும் எடுங்கள். 2023 ஜூலை வெடிப்புக்குப் பின் 12பிக்குக் ‘கொம்பு’ முளைத்தது என்று செய்தித்தாள்கள் எழுதினவே, அந்த நிலையில் பெரிய வட்டம் போட்டு மையம் கண்டால் கிடைப்பது கொம்புகளின் சராசரிதான். ஒப்பீட்டுக்குக் கையா விண்மீன் பட்டியலைப் பயன்படுத்துங்கள். பழைய பட்டியல்களின் சொந்தப் பிழைகளைச் சுமக்க இன்று காரணமே இல்லை.

அறிகுறி: இந்த வருகை பொருந்துகிறது, போன வருகையைச் சேர்த்தால் பொருந்தவில்லை

இங்கேதான் வால்மீனைச் சந்தேகிக்கும் நேரம் வருகிறது. ஃபைண்ட் ஆர்ப் போன்ற மென்பொருளில் இந்த ஆண்டின் அளவீடுகளை மட்டும் கொடுத்தால் விலகல்கள் அழகாக ஒரு வில்விநாடிக்குள் நிற்கும். முந்தைய வருகையைச் சேர்த்தவுடன் விலகல்கள் ஒரு வளைவாகத் திரண்டு எழும். குத்துமதிப்பாகச் சிதறினால் அளவீட்டுப் பிழை. ஒழுங்காக வளைந்தால் ஏதோ ஒரு விசை விடுபட்டிருக்கிறது.

அந்த விசை ஈர்ப்பு அல்ல. ஜெர்மன் வானியலாளர் யோஹன் எங்கே (Encke) 1819இல் தன் பெயர் தாங்கிய வால்மீனின் பாதையைக் கணக்கிட்டபோது, அது ஒவ்வொரு சுற்றிலும் சுமார் இரண்டரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுவதைக் கவனித்தார். விண்வெளியில் ஏதோ ஓர் ஊடகம் தடுக்கிறது என்று அவர் விளக்கினார். ஆனால் ஹேலி வால்மீன் ஈர்ப்புக் கணக்கைவிடச் சுமார் நான்கு நாள் தாமதமாக வருகிறது. தடுக்கும் ஊடகம் ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னுமாகத் தள்ளுமா? 1950இல் வானியலாளர் விப்பிள் சொன்ன விளக்கம் இரண்டுக்கும் பொருந்தியது. பனி ஆவியாகிப் பீறிடும்போது உட்கரு எதிர்த்திசையில் தள்ளப்படுகிறது. உட்கரு சுழல்வதால் மிகுந்த வெப்பம் நண்பகலைத் தாண்டிய பகுதியில்தான் இருக்கிறது, ஆகவே உந்தல் சற்றுச் சாய்ந்து விழுகிறது. சுழலும் திசையைப் பொறுத்து வால்மீன் முந்தும் அல்லது பிந்தும்.

இதை மார்ஸ்டன், செக்கானினா, யோமன்ஸ் ஆகிய வானியலாளர்கள் 1973இல் மூன்று எண்களாக்கினார்கள்: சூரியனுக்கு எதிர்த்திசையில் ஏ1, பாதையின் போக்கில் ஏ2, பாதைத் தளத்துக்குச் செங்குத்தாக ஏ3. வருகை நாளை அதிகம் மாற்றுவது ஏ2தான். மென்பொருளில் முதலில் ஏ1, ஏ2 இரண்டையும் மட்டும் திறந்துவிடுங்கள். வளைவு மறையவில்லை என்றால் மட்டும் ஏ3. சில வார அளவீடுகளை வைத்துக்கொண்டு இந்த எண்களைத் தீர்க்க முயல்வது வீண். எண் வரும், விலகலும் குறையும், ஆனால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இராது. ஒரு வருகையின் ஏ2 அடுத்த வருகைக்கும் அப்படியே பொருந்தும் என்றும் நம்பாதீர்கள். 41பி/டட்டில்-ஜியாகோபினி-கிரெசாக் 2017 மார்ச்சில் சுமார் 20 மணி நேரத்துக்கு ஒருமுறை சுழன்றது. மே மாதத்துக்குள் 46 மணி நேரத்தையும் தாண்டிவிட்டது. தன் சுழற்சியையே இப்படி மாற்றிக்கொள்ளும் பொருளின் உந்தல் மட்டும் மாறாமல் இருக்குமா?

இதிலிருந்து தேடலுக்கு ஒரு பயன் உண்டு. நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பும் வால்மீனை முதன்முதலாகத் தேடும்போது, கணக்கிட்ட புள்ளியைச் சுற்றி வட்டமாகத் தேடாதீர்கள். பிழை பெரும்பாலும் சூரிய அண்மை நாளில்தான் இருக்கும். அதாவது வால்மீன் அதே பாதையில் சற்று முன்னே அல்லது பின்னே இருக்கும். பாதைக்கோட்டை ஒட்டி இரு பக்கமும் நீளவாக்கில் படம் எடுங்கள்.

அறிகுறி: மென்பொருள் சொல்லும் ஒளிக்கும் உண்மைக்கும் மடுவுக்கும் மலைக்குமான வேறுபாடு

வால்மீனின் ஒளியைக் கணிக்கும் சூத்திரம் இது (பொலிவெண் குறையக் குறைய ஒளி கூடும்; தனிப்பொலிவெண் என்பது சூரியனிலிருந்தும் பூமியிலிருந்தும் 1 வானியல் அலகில் இருந்தால் தெரியும் பொலிவெண்):

தோற்றப் பொலிவெண் = தனிப்பொலிவெண் + 5 × மடக்கை (பூமியிலிருந்து தொலைவு) + 2.5 × அடுக்கு எண் × மடக்கை (சூரியனிலிருந்து தொலைவு)

மைனர் பிளானட் சென்டரின் கோப்பு அடுக்கு எண்ணைத் தருகிறது. வேறு தகவல் இல்லாதபோது அது 4.0 என்று இருக்கும். ஜேபிஎல் தருவது கே1 என்ற பெயரில், ஏற்கெனவே 2.5ஆல் பெருக்கிய எண். அதே வால்மீனுக்கு 10. ஜேபிஎல்லின் 10ஐ அடுக்கு எண் கேட்கும் கட்டத்தில் போட்டுவிட்டால் பெருக்கம் இரண்டு முறை நடந்து 25 ஆகிவிடும்.

இந்தப் பிழைக்குத் தனி அடையாளம் உண்டு. வால்மீன் சூரியனிலிருந்து 1 வானியல் அலகில் இருக்கும்போது எல்லாம் சரியாகத் தெரியும், ஏனென்றால் 1இன் மடக்கை சுழியம். 2 வானியல் அலகில் நான்கரைப் பொலிவெண் மங்கலாகக் காட்டும். 5 வானியல் அலகில் பத்துக்கும் மேல். 12பியைப் போல 0.78 வானியல் அலகு வரை உள்ளே போகும் வால்மீனுக்கோ 1.6 பொலிவெண் கூடுதல் ஒளி காட்டும். வெளியே மங்கல், உள்ளே மிகை, நடுவில் சரி என்று கண்டால் வேறு எதையும் தேட வேண்டாம்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது, மொத்தப் பொலிவெண்ணுக்கும் உட்கருப் பொலிவெண்ணுக்கும் உள்ள வேறுபாடு. அட்டவணையில் இரண்டு பத்திகள் இருந்தால் மங்கலாக இருப்பது உட்கருவுக்கானது. இருகண்ணோக்கியில் நீங்கள் பார்ப்பது அதை அல்ல.

அறிகுறி: மற்றவர்களைவிட என் அளவு எப்போதும் மங்கலாக வருகிறது

வால்மீன் விண்மீனைப் போலப் புள்ளி அல்ல. அளவு வட்டத்தைச் சிறிதாக வைத்தால் கோமாவின் (உட்கருவைச் சூழ்ந்த வாயு, தூசி உறையின்) வெளிப்பகுதி முழுவதும் கணக்கில் வராமல் போகும். ஒரே படத்தில் ஆரத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டே அளந்து, பொலிவெண்ணை ஆரத்துக்கு எதிரே வரைந்து பாருங்கள். கோடு எங்கே தட்டையாகிறதோ அங்கேதான் கோமா முடிகிறது. தட்டையாக நிற்காமல் ஒரு கட்டத்துக்குப் பின் ஒளி குறைந்துகொண்டே போனால், வானப் பின்னணியை அளக்கும் வளையம் கோமாவுக்கு உள்ளேயே விழுந்திருக்கிறது. அதை வெளியே தள்ளுங்கள்.

வடிகட்டியும் காரணமாகலாம். கோமாவின் பச்சை ஒளியில் பெரும்பங்கு இருகார்பன் மூலக்கூறிலிருந்து 516 நானோமீட்டர் அருகே வருகிறது. கண் அதை நன்றாகப் பிடிக்கும், சிவப்பு வடிகட்டி விட்டுவிடும். வாயு மிகுந்த வால்மீனைச் சிவப்பில் அளந்துவிட்டுக் கண்ணால் பார்த்தவர்களோடு ஒப்பிடுவது நியாயமல்ல.

கண்ணால் மதிப்பிடுபவர்களுக்கு விதி எளியது: வால்மீன் தெரியக்கூடிய மிகச் சிறிய கருவியைப் பயன்படுத்துங்கள். பெரிய தொலைநோக்கி, அதிக உருப்பெருக்கம் என்று போகப்போக வெளிக்கோமா வானத்தில் கரைந்து மதிப்பு மங்கும். ஒப்பீட்டு விண்மீன்களைக் குவியம் விலக்கி வால்மீன் அளவுக்குப் பரப்பிய பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

தாழ்ந்த வானம் இன்னொரு திருடன். 2024 மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் 12பி மாலை மேற்கு வானில் மேஷத்தில் தாழ்வாக இருந்தது. 10 பாகை உயரத்தில் இருப்பதை 45 பாகை உயர விண்மீனோடு ஒப்பிட்டால், சுமாரான வானில் ஒரு முழுப் பொலிவெண் காணாமல் போகும். ஒரே உயரத்தில் இருக்கும் விண்மீன்களைத் தேர்ந்தெடுங்கள். முடியாவிட்டால் வளிமண்டலத் திருத்தம் போடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை உங்கள் வரைபடம் பள்ளம் விழுகிறதா? அது நிலா.

அறிகுறி: ஒரே இரவில் ஒளி எகிறிவிட்டது

உற்சாகப்படுவதற்கு முன் அந்த இடத்தின் பழைய வானப் படத்தைத் திறந்து, வால்மீனுக்குப் பின்னால் விண்மீன் எதுவும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். அடுத்த நாள் வேறொரு கருவியில் அளந்து பாருங்கள். உண்மையான வெடிப்பு தன்னைத்தானே நிரூபிக்கும்: முதல் இரவில் மையம் விண்மீன் போலக் கூர்மையாகும், பின்வரும் நாள்களில் தூசி விரியும். சிறிய வட்டத்தில் அளந்தால் மங்கிக்கொண்டே போகும், பெரிய வட்டத்தில் ஏறக்குறைய அதே ஒளி நிற்கும். இந்த இரட்டை அளவு இல்லாமல் வெடிப்பு என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

2023 ஜூலை 20இல் 12பி சூரியனிலிருந்து ஏறக்குறைய 4 வானியல் அலகு தொலைவில் இருந்தபோதே சுமார் 5 பொலிவெண் எகிறியது. அதன் பிறகு வருகை முழுவதும் பல முறை வெடித்தது. 17பி/ஹோம்ஸ் இதை அற்பமாக்கிவிடும்: 2007 அக்டோபர் 24 வாக்கில், இரண்டு நாளுக்குள், 17ஆவது பொலிவெண்ணிலிருந்து 3க்கும் மேலான ஒளிக்கு வந்து வெறும் கண்ணுக்குத் தெரிந்தது. அதுவும் சூரிய அண்மை நிலையைக் கடந்து ஐந்து மாதங்களுக்குப் பிறகு.

29பி/ஸ்வாஸ்மான்-வாக்மானுக்கு மேலே தந்த சூத்திரத்தைப் போடவே வேண்டாம். ஏறக்குறைய வட்டப் பாதையில் 6 வானியல் அலகு அருகே சுற்றும் அது, சூரியத் தொலைவைப் பற்றிக் கவலைப்படாமல் ஆண்டுக்குப் பல முறை வெடிக்கிறது.

அறிகுறி: அடுக்கு எண் 15 என்றோ கழித்தல் குறியிலோ வருகிறது

முதலில் வெடிப்பு இரவுகளை நீக்குங்கள். பிறகு ஒவ்வோர் அளவிலிருந்தும் பூமித் தொலைவின் பங்கைக் கழித்து, எஞ்சியதைச் சூரியத் தொலைவின் மடக்கைக்கு எதிரே வரையுங்கள், சாய்வை 2.5ஆல் வகுத்தால் அடுக்கு எண். தொலைவு போதுமான அளவு மாறியிருக்க வேண்டும். 12பி 0.80இலிருந்து 0.78 வானியல் அலகுக்கு வந்த நாள்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், 0.2 பொலிவெண் அளவீட்டுப் பிழை அடுக்கு எண்ணை 7 வரை புரட்டிவிடும்.

வரும் வழிக்கும் போகும் வழிக்கும் தனித்தனிக் கோடு போடுங்கள். 67பி 2015 ஆகஸ்ட் 13இல் சூரிய அண்மை நிலையைக் கடந்தது, ஆனால் அதன் நீராவி வெளியேற்றம் உச்சத்தைத் தொட்டது சுமார் மூன்று வாரம் கழித்துத்தான் என்று அதைச் சுற்றிவந்த ரோசெட்டா விண்கலம் காட்டியது. அதன் அச்சு 52 பாகை சாய்ந்திருப்பதால் தென்பகுதிக்கு அப்போதுதான் கடும் கோடை. 10பி/டெம்பெல் 2 உம் இப்படித் தாமதமாக உச்சம் தொடும் வகை. இரண்டு பக்கத்தையும் ஒரே கோட்டில் திணித்தால் கிடைக்கும் சராசரி எந்தப் பக்கத்துக்கும் உதவாது.

அறிகுறி: கணித்ததைவிட வேகமாக மங்குகிறது, மையம் நீள்கிறது

வானம், நிலா, வட்டம் எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகும் மங்கினால், மையத்தின் வடிவத்தைப் பாருங்கள். வால்மீனின் நகர்வுக்கேற்ப அடுக்கிய படத்தில் கூர்மையான புள்ளி இல்லாமல் கோடு போல நீண்டிருந்தால் உட்கரு உடைகிறது. உடையும்போது முதலில் ஒளி கூடுவதும் உண்டு. 73பி 1995இல் எதிர்பாராமல் ஒளிர்ந்தது, பிறகுதான் துண்டுகள் தெரிந்தன. 2006இல் அது பல பத்துத் துண்டுகளாகத் திரும்பி வந்தது. பியேலா வால்மீன் 1846இல் இரண்டாகத் தெரிந்தது, 1852இல் இரண்டும் வந்தன, அதற்குப் பிறகு எவரும் அதைக் காணவில்லை. 1872 நவம்பரில் அதன் பாதையைப் பூமி கடந்தபோது எரிகல் மழை பொழிந்தது.

இத்தகைய இரவுகளில் ஒவ்வொரு துண்டையும் தனியாக அளந்து, எந்த அளவு எந்தத் துண்டுக்கு என்று குறித்து வையுங்கள். துண்டுகளுக்கு எழுத்துக் குறியீடு தருவது மைனர் பிளானட் சென்டரின் வேலை. அது வரும்வரை எல்லா அளவுகளையும் ஒரே சுற்றுப்பாதைக்குள் கலக்காதீர்கள். கலந்தால் ஏ2 தாறுமாறாக எகிறும், எந்தத் துண்டின் பாதையும் கிடைக்காது.